ஆசியா என்றொரு கல்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும் இலட்சக்கணக்கான சிறுகோள்களில் ஒன்றின் பெயர் ஆசியா. அதன் இலக்கம் 67. 1861ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் திகதி, சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வு நிலையத்தில் நோர்மன் பொக்சன் என்ற ஆங்கிலேயர் அதைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதலாவது சிறுகோள் என்பதால் அந்தப் பெயர். கிரேக்கப் புராணத்தில் உலகைச் சூழ்ந்தோடும் பெருங்கடலான ஓகியானோசின் மகளுக்கும் ஆசியா என்றே பெயர். பொக்சன் இரண்டையும் மனத்திற் கொண்டே அதைத் தெரிவு செய்தார்.

கல்லின் குறுக்களவு ஏறத்தாழ 60 கிலோமீற்றர். கல்முனையிலிருந்து பொத்துவிலுக்கு வரைபடத்தில் நேர்கோடு போட்டால் வருகின்ற தூரம். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை ஒன்று என்று கொண்டால், ஆசியா சூரியனிலிருந்து சராசரியாக 2.42 தூரத்தில் ஓடுகிறது. அதன் பாதை சரியான வட்டமன்று. கிட்ட வரும்போது இரண்டுக்குச் சற்றுக் குறைவு, விலகும்போது 2.87 அளவு. ஒரு சுற்றுக்கு 3.77 ஆண்டுகள், அதாவது செவ்வாயின் ஓராண்டைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பொக்சன் கண்ட நாளிலிருந்து இன்றுவரை அது நாற்பதுக்கும் மேற்பட்ட தடவைகள் சூரியனைச் சுற்றி வந்துவிட்டது. வெறுங்கண்ணால் ஒருவரும் அதைக் கண்டதில்லை.

இதை எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சாய்ந்தமருதைச் சேர்ந்த, தோஹாவில் தொழில் செய்யும் ஓர் இளைஞர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். முதற் பிள்ளை பெண். பிறந்து நாற்பது நாளாகிறது. அவர் இன்னும் நேரில் காணவில்லை. மகளின் பெயரை ஒரு வெள்ளிக்குச் சூட்டித் தருவதாக விளம்பரம் செய்த நிறுவனத்துக்கு ஒரு தொகையைக் கட்டி, பொன்னிற விளிம்புடன் கூடிய சான்றிதழையும் பெற்றுவிட்டார். அதன் பிரதியை இணைத்து, "காக்கா, இது செல்லுமா?" என்று கேட்டிருந்தார்.

செல்லாது என்று பதில் எழுதினேன். விண்பொருள்களுக்குப் பெயரிடும் அதிகாரத்தை உலக வானியலாளர்கள் சர்வதேச வானியல் ஒன்றியம் என்ற ஒரே அமைப்பிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அது பெயர்களை விற்பதில்லை. காசு வாங்கிக்கொண்டு தரப்படும் சான்றிதழ், அச்சிட்டவரின் ஏட்டைத் தவிர வேறெந்த ஏட்டிலும் ஏறாது. அதனைச் சட்டமிட்டு மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆனால் பதில் எழுதி முடித்த பிறகும் கேள்வி விட்டுப் போகவில்லை. காசால் வராதென்றால், வானத்தில் ஒரு பெயர் எதனால் வருகிறது?

சிறுகோளைப் பொறுத்தவரை இதற்குத் தெளிவான விடை இருக்கிறது. பெயர் கடைசியில் வருகிறது. முதலில் காணவேண்டும். பிறகு தொடர்ந்து காணவேண்டும். இனி அது தொலைந்து போகாது, எந்த நாளில் எந்த இடத்தில் நிற்கும் என்று சொல்லிவிடலாம் என்ற நிலை வந்த பின்னர்தான் பெயரைப் பற்றிய பேச்சு.

காண்பதே எளிதல்ல. தொலைநோக்கி வழியாகப் பார்த்தாலும் சிறுகோள் ஒரு வெள்ளியைப் போன்ற புள்ளிதான். உடுப்போலி என்று அதற்கு ஒரு தமிழ்ச் சொல்லும் வழங்குவது அதனாலேயே. வெள்ளிகளுக்கிடையே போலியை இனங்காண ஒரே வழி, அது நகர்வது. பொக்சனின் காலத்தில் நிழற்படத் தகட்டைக் கொண்டு சிறுகோள் தேடும் வழக்கமும் இல்லை. வானத்தின் ஒரு சிறு பகுதியில் உள்ள மங்கலான வெள்ளிகள் அனைத்தையும் கையால் வரைபடமாக்கி வைத்துக்கொண்டு, மறுபடி அதே இடத்தைப் பார்த்து, படத்தில் இல்லாத புள்ளி ஏதும் முளைத்திருக்கிறதா என்று தேடவேண்டும். சென்னைக்கு அவர் வந்து சேர்ந்தது 1861 பெப்ரவரியில். ஆசியா அகப்பட்டது ஏப்ரலில். அதன் பின் அதே நிலையத்திலிருந்து சாஃபோ (1864), சில்வியா (1866), கமிலா (1868), வேரா (1885) என்று மேலும் நான்கு. 1891இல் இறக்கும் வரை முப்பது ஆண்டுகள் அவர் சென்னையை விட்டுப் போகவில்லை.

அவர் தனியாளாகவும் இருக்கவில்லை. சிந்தாமணி இரகுநாதாச்சாரி என்ற நம்மவர் அந்த நிலையத்தின் முதல் உதவியாளர். 1867இல் ரெட்டிகியூலம் மண்டலத்தில் ஒளி ஏறி இறங்கும் ஒரு வெள்ளியை அடையாளம் கண்டவர். 1872இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவர்.

பொக்சனின் மகளும் அங்கே இருந்தார். தோஹா நண்பருக்கு இந்தக் கதையைத்தான் விரிவாக எழுதினேன். சென்னைக்கு வருமுன், 1856 மே மாதம், ஆக்ஸ்போர்ட்டில் பொக்சன் தமது முதல் சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்கு ஐசிஸ் என்று பெயர் தெரிவு செய்தவர் அந்த நிலையத்தின் தலைவர் மனுவல் ஜோன்சன். எகிப்திய தேவதையின் பெயர் அது. ஆக்ஸ்போர்ட்டில் தேம்ஸ் நதிக்கும் அதே பெயர். அத்துடன், பொக்சன் வீட்டில் இருந்த சிறுமியின் பெயரும் ஐசிஸ். அந்தச் சிறுமி வளர்ந்து, 1873 முதல் சென்னை நிலையத்தில் கணிப்பாளராகப் பணி புரிந்தார். தந்தையின் அவதானங்களைக் கணக்காக மாற்றுவது அவர் வேலை. 1886இல் அரச வானியல் கழகத்துக்கு அவரைத் தந்தை முன்மொழிந்தபோது பெண் என்பதால் வழி திறக்கவில்லை. 1920இல்தான் அவர் உறுப்பினரானார். வானத்தில் 42ஆம் இலக்கமுள்ள கல்லில் பெயர் ஏறி அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, கழகத்தின் பெயர்ப்பட்டியலில் அவருக்கு இடம் கிடைத்தது. கல்லில் ஏறுவதைக் காட்டிலும் அதுவே கடினமாக இருந்திருக்கிறது.

இனி, தொடர்ந்து காண்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைப் பார்ப்போம்.

நமது ஊர்களில் இதனை விளக்க அதிகம் மெனக்கெடத் தேவையில்லை. நோன்புப் பெருநாளுக்கு முன் 29ஆம் நாள் மஃரிபுக்குப் பிறகு கடற்கரையில் நின்று பிறை தேடாத கல்முனைப் பிள்ளை உண்டா? கண்டேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் மட்டும் பெருநாள் வந்துவிடுவதில்லை. யார் கண்டார், எந்தத் திசையில், எவ்வளவு நேரம், உடன் நின்றவர் கண்டாரா என்று விசாரிக்கிறார்கள். செய்தி கொழும்பு பெரிய பள்ளிவாசலில் கூடியிருப்போருக்குப் போகிறது. சாட்சியம் நிறைவு தந்தால்தான் அறிவிப்பு. கண்டவர் பொய் சொல்கிறார் என்பதல்ல பொருள். ஊர் முழுவதும் அதை வைத்து நடக்கவேண்டியிருப்பதால், ஒருவரின் கண் போதாது.

வானியலில் சாட்சியம் என்பது எண்கள். ஒரு கல்லின் பாதையை முழுமையாகச் சொல்ல ஆறு எண்கள் தேவை: பாதையின் அளவு, நீள்வு, சாய்வு, சாய்ந்திருக்கும் திசை, வளைவின் கிட்டப் புள்ளி இருக்கும் திசை, குறித்த நேரத்தில் கல் நிற்கும் இடம். ஓர் இரவின் அவதானம் வானத்தில் இரண்டு எண்களையே தருகிறது. ஆகவே மிகக் குறைந்தது மூன்று இரவுகள் வேண்டும். முதற் சிறுகோளான செரஸ் 1801ஆம் ஆண்டின் தொடக்க நாளில் பியாற்சி என்ற பாதிரியாரின் கண்ணில் பட்டு, சில வாரங்களில் சூரிய ஒளிக்குள் மறைந்தது. எங்கே போய்த் தேடுவது என்று ஐரோப்பா தடுமாறியபோது, இருபத்து நான்கு வயதான கவுஸ் அந்தச் சில அவதானங்களிலிருந்தே பாதையைக் கணித்துக் கொடுத்தார். ஆண்டின் இறுதி இரவில், அவர் சொன்ன இடத்துக்கு அருகிலேயே செரஸ் மீண்டும் கிடைத்தது.

எல்லோருக்கும் அந்த வாய்ப்புக் கிட்டுவதில்லை. 1911இல் வியன்னாவில் பாலிசா கண்டுபிடித்த 719ஆம் சிறுகோளுக்கு, போதிய அவதானம் சேருமுன்பே இலக்கமும் ஆல்பேர்ட் என்ற பெயரும் கொடுத்துவிட்டார்கள். பெயர் இருந்தது, கல்லைக் காணவில்லை. எண்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து 2000இல்தான் அது திரும்பக் கிடைத்தது. சான்றிதழ் இருந்தும் பொருள் இல்லாத நிலைக்கு வானியலிலும் ஓர் உதாரணம் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பொக்சனுக்கே நேர்ந்த ஒன்று இதைவிடப் பாடமானது. 1872 நவம்பர் 27ஆம் திகதி ஐரோப்பாவில் எரிகற்கள் மழையாகப் பொழிந்தன. உடைந்து சிதறிய பீலா வால்வெள்ளியின் துகள்களுக்குள் பூமி புகுந்து வெளியேறியிருந்தது. அப்படியானால் வால்வெள்ளி பூமியைக் கடந்து தெற்கு வானத்தில் தெரியலாம் என்று கருதிய ஜெர்மனிய வானியலாளர் கிளிங்கர்ஃபியூஸ், எந்த இடத்தில் தேடவேண்டும் என்று சென்னைக்குத் தந்தி அடித்தார். பொக்சன் தேடினார். டிசம்பர் 2ஆம் திகதியும் 3ஆம் திகதியும் விடியற்காலையில் அந்தப் பக்கத்தில் ஒரு வால்வெள்ளியைக் கண்டு, இடத்தையும் குறித்தார். அதன் பிறகு மேகம். வங்கக் கடலின் இரு கரைகளிலும் டிசம்பர் மாரி எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். மேகம் விலகியபோது பொருள் இல்லை.

இரண்டு இரவுகள், நான்கு எண்கள். ஆறு வேண்டிய இடத்தில் நான்கு. அது பீலாவாக இருக்க முடியாது என்று பின்னாளில் கணக்கிட்டார்கள்; வேறு என்ன என்று இன்றுவரை தெரியாது. பட்டியலில் அது எக்ஸ்/1872 எக்ஸ்1 என்றுதான் நிற்கிறது. முன்னால் நிற்கும் எக்ஸ், பாதை கணிக்க முடியாமல் போனது என்பதன் அடையாளம். அதே மனிதர், அதே ஊர். ஒன்று ஆசியாவாயிற்று; மற்றது எக்ஸ் ஆயிற்று. வேறுபாடு ஓரிரு தெளிந்த இரவுகள்.

இன்றும் முறை மாறவில்லை; இறுக்கமாகியிருக்கிறது. புதிதாகக் கண்ட கல்லுக்கு முதலில் ஆண்டையும் அரைமாதத்தையும் வரிசையையும் கொண்ட ஒரு தற்காலிகக் குறி. பல தடவை சூரியனுக்கு எதிர்ப்பக்கம் வரும்போது மீண்டும் மீண்டும் அவதானித்துப் பாதை உறுதியான பிறகு நிரந்தர இலக்கம். அதன் பிறகே கண்டுபிடித்தவருக்குப் பெயரை முன்மொழியும் உரிமை. அதற்குப் பத்து ஆண்டுகள் தவணை. பெயர் பதினாறு எழுத்துக்குள் அடங்கவேண்டும். அரசியல்வாதியின் பெயரையோ தளபதியின் பெயரையோ வைப்பதானால், அவர் இறந்து நூறாண்டு கழியவேண்டும். (இந்த ஒரு விதியை மட்டும் நமது நாட்டின் வீதிகளுக்கும் கட்டடங்களுக்கும் கொண்டுவந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!) இலக்கம் பெற்றவை எட்டு இலட்சத்துக்கும் மேல். பெயர் பெற்றவையோ 25,000 சொச்சம். பெரும்பாலானவை எண்ணோடு நிற்கின்றன. அதனால் அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை, ஏனென்றால் அவை தொலைந்து போகமாட்டா.

இலங்கையில் அரை நூற்றாண்டு வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கின் பெயரிலும் ஒரு சிறுகோள் உண்டு. 4923 கிளார்க். 1981 மார்ச் 2ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் ஷெல்ட் பஸ் கண்டுபிடித்தது. அவருக்கு 2001ஆம் இலக்கம் பொருத்தமாக இருந்திருக்கும். அது ஏற்கனவே ஐன்ஸ்டைனுக்குப் போயிருந்தது. கிளார்க்கை இங்கே நினைவுகூர்வதற்கு அந்தக் கல்லைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. 1973இல் வெளிவந்த 'ரெண்டெவூ வித் ராமா' நாவலின் தொடக்கத்தில், ஒரு விண்கல் வடஇத்தாலியை அழித்த பிறகு மனிதர்கள் வானத்தைக் காவல் காக்கும் 'ஸ்பேஸ்கார்ட்' என்ற ஏற்பாட்டைச் செய்கிறார்கள். பூமியருகே வரும் கற்களைத் தேடும் உண்மையான திட்டத்தை 1990களில் நாசா வகுத்தபோது அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. நமது தீவில் வாழ்ந்த ஒருவரின் கற்பனை அது.

பூமியருகே வரும் கற்களில் பெரும்பாலானவை, ஆசியா ஓடுகின்ற அதே பட்டையிலிருந்து ஏதோ ஒரு காலத்தில் விலகி உள்ளே வந்தவை. அவற்றில் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

2004 ஜூன் 19ஆம் திகதி அமெரிக்காவின் கிட் பீக்கில் மூன்று வானியலாளர்கள் ஒரு கல்லைக் கண்டார்கள். இரண்டு இரவுகள்தான். பிறகு விட்டுப் போயிற்று. குறி 2004 எம்என்4: ஜூன் பின்னரையில் கண்ட நூற்றுப் பதின்மூன்றாவது பொருள். டிசம்பர் 18ஆம் திகதி சைடிங் ஸ்பிரிங்கில் அது மறுபடி அகப்பட்டது. இப்போது பாதையைக் கணித்துப் பார்த்தால், 2029 ஏப்ரல் 13ஆம் திகதி பூமியில் மோதக்கூடும் என்று வந்தது. டிசம்பர் 23ஆம் திகதி செய்தி வெளியானது. 24ஆம் திகதி தோரினோ அபாய அளவுகோலில் அதற்கு 4 கொடுத்தார்கள். வேறெந்தக் கல்லும் அந்த அளவை எட்டியதில்லை. 27ஆம் திகதி மோதும் வாய்ப்பு முப்பத்தேழில் ஒன்று என்றாயிற்று. அன்றே, அதே ஆண்டு மார்ச் மாதத்துப் பழைய படங்களில் அந்தக் கல் பதிவாகியிருப்பதைத் தேடிப் பிடித்தார்கள். புதிய எண்கள் சேர்ந்ததும் 2029 அபாயம் நீங்கியது.

உலகம் அதைக் கவனிக்கவில்லை. இடையில் 26ஆம் திகதி இருந்தது.

அன்று காலை இலங்கை நேரம் 6.58 மணிக்குச் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் நடுங்கியது. அலை நமது கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் எடுத்தது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரை நெடுகிலும் அந்த இரண்டு மணித்தியாலமும் வழக்கமான ஞாயிற்றுக்கிழமைதான். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் வேறெந்த மாவட்டத்திலும் அத்தனை உயிர்கள் போகவில்லை. கிளார்க்கின் ஹிக்கடுவ சுழியோடும் நிலையமும் அன்று அழிந்தது. நடுக்கத்தை ஹவாயில் உள்ள நிலையம் பதிவு செய்துகொண்டுதான் இருந்தது. இந்துப் பெருங்கடலுக்கு மட்டும் எச்சரிக்கை ஏற்பாடு இருக்கவில்லை. அடுத்து வந்த நாட்களில் என்னைப் போன்ற செய்தியாளர்களின் வேலை பெயர்களை எழுதுவதாயிற்று. பள்ளிவாசலில் ஒரு பட்டியல், பாடசாலையில் ஒரு பட்டியல், ஆஸ்பத்திரியில் ஒரு பட்டியல். பெயர் தெரியாமலே ஒன்றாக அடக்கப்பட்டவர்களுக்கு எண்கூட இல்லை.

இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு விழலாம் என்ற கல்லின் மீது அந்த வாரம் கண் இருந்தது. இரண்டு மணித்தியாலத்தில் வரவிருந்த அலையின் மீது இல்லை. வானியலாளர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் காவல் காத்தார்கள். காத்ததனால் கணக்குத் தீர்ந்தது. கடலைக் காக்கவேண்டியவர்கள் காக்கவில்லை. அறிவு இல்லாமல் அல்ல, தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க ஆள் வைக்காமல். இந்துப் பெருங்கடலுக்கான எச்சரிக்கை அமைப்பு அதன் பிறகே உருவாகி, 2011இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. பத்தாயிரம் பேரைக் கொடுத்து நமது கரை பெற்ற காவல் அது. கோபுரங்கள் துருப்பிடிக்காமல், ஒத்திகைகள் நின்று போகாமல் பார்த்துக்கொள்வது இனி நம் பொறுப்பு.

பிள்ளைகளின் பெயரை வானத்தில் காண ஆசைப்படும் பெற்றோருக்கு ஒரு தகவல். பாடசாலை மாணவர்கள் தொலைநோக்கிப் படங்களில் சிறுகோள் தேடும் சர்வதேச வானியல் தேடல் கூட்டுத் திட்டம் 2006 முதல் நடக்கிறது. கட்டணம் இல்லை. ஒரு கணினி, இணைய இணைப்பு, பொறுமையுள்ள ஓர் ஆசிரியர் போதும். நமது கல்லூரிகளில் இம்மூன்றும் உண்டு. கண்டால், பெயருக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பே கல்வி.

2004 எம்என்4க்கு 2005 ஜூனில் 99942 என்ற இலக்கமும், அடுத்த மாதம் அபோபிஸ் என்ற பெயரும் கிடைத்தன. 2021இல் ராடார் கொண்டு அளந்து, இன்னும் நூறாண்டுக்கு மோதாது என்றும் சொல்லிவிட்டார்கள். 2029 ஏப்ரல் 13ஆம் திகதி, நமது தமிழ் அயலவர்கள் சித்திரைப் புத்தாண்டுக்கு ஆயத்தமாகும் இரவில், அது இந்துப் பெருங்கடலுக்கு மேலாக மேற்கு நோக்கிக் கடந்து செல்லும். மிக அருகில் வருவது இலங்கை நேரம் அதிகாலை 3.16 அளவில், அப்போது அது அட்லாண்டிக்குக்கு மேலே, பூமியிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும். அன்று மேகம் இருக்குமா என்று மட்டும்தான் யாராலும் சொல்ல முடியாது.